வட்டை வீசிவிடாதீர்கள்!

"மறைந்த பாட்டி பேசிய வீடியோ, ஹார்ட் டிஸ்க் உள்ள டிவிடி ரெக்கார்டரில் இருக்கிறது. யுஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்தேன், ஒன்றுமே வரவில்லை" என்றார் நேயர் ஒருவர்.

வராதுதான். பெரும்பாலான ரெக்கார்டர்களில் அந்த யுஎஸ்பி துளை பென்டிரைவ், கேமரா செருகத்தான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை வீடியோ கேப்சர் கருவி வழியாகக் கணினியில் இணைக்கலாம். ஆனால் ஒரு மணி நேரப் படத்துக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தரமும் கொஞ்சம் குறையும்.

அதைவிட வட்டு வழி நல்லது. டிவிடி-ஆர் வட்டுக்கு 'ஹை ஸ்பீட் டப்பிங்' செய்தால் படம் அப்படியே வரும். முடிந்ததும் மெனுவில் 'ஃபைனலைஸ்' கொடுங்கள். இல்லையென்றால் கணினிக்கு அது வெற்று வட்டாகத் தெரியலாம். அப்படித் தெரிந்த அக்காவின் திருமண வட்டைக் கெட்டுவிட்டதென்று குப்பையில் போட்டவன் நான். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை!

பிறகு 'வீடியோ டிஎஸ்' கோப்புறையை முழுதாகக் கணினியில் நகலெடுங்கள். விஎல்சியில் ஓடும். கைப்பேசிக்கு வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எம்பி4 ஆக்கலாம்.

ஃபைனலைஸ் செய்ய, பெரும்பாலும் பதிவு செய்த அதே ரெக்கார்டர்தான் வேண்டும். பழைய சாமான் லோரி வருமுன் அலமாரியில் உள்ள வட்டுகளை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.