கரும்புச் சோகைப் புகை: மீட்டரில் ‘திருப்தி’, வீசிங் உள்ளவர் வீட்டில் மூச்சுத்திணறல்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் டெல்லிப் புகை செய்தியாகிவிடும். நெல் தாளை எரிக்கும் விவசாயிக்கான அபராதத்தை 2024 நவம்பரில் மத்திய அரசு இரட்டிப்பாக்கியது. 2 ஏக்கருக்குக் கீழே இருந்தால் 5,000 ரூபாய், 2 முதல் 5 ஏக்கர் வரை 10,000 ரூபாய், அதற்கு மேல் 30,000 ரூபாய். இந்த அபராதம் டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களுக்கும்தான். சேலம், நாமக்கல் விவசாயிக்கு இது பொருந்தாது.

அதனால் புகை வடக்கத்திப் பிரச்சினை என்று நாம் இருந்துவிடுகிறோம். ஆனால் மார்கழியில் தொடங்கி சித்திரை வரை, மோகனூர், பரமத்திவேலூர், ஜேடர்பாளையம் பக்கம் கரும்பு வெட்டிய தோட்டங்களில் சாயங்காலம் சோகைக்குத் தீ வைக்கும் வழக்கம் இருக்கிறது. அந்தப் புகை முதலில் போய்ச் சேர்வது பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் படுத்திருக்கும் வீசிங்காரரிடமும், நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவரிடமும்தான்.

மீட்டர் ஏன் காட்டுவதில்லை?

சேலம் நகரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி காற்று அளவீட்டு நிலையம் இருக்கிறது. அதன் அளவைக் கைப்பேசியில் ‘சமீர்’ செயலியில் பார்க்கலாம். பெரும்பாலான நாட்களில் ‘நல்லது’ அல்லது ‘திருப்தி’ என்றுதான் வரும். 2019-ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் தமிழகத்திலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன. சேலம் இல்லை.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, நகரத்து மீட்டர் காவிரிக்கரைத் தோட்டத்துக் காற்றை அளப்பதில்லை. இரண்டு, நுண்துகளுக்கு மீட்டர் சொல்வது 24 மணி நேரச் சராசரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும் நுண்துகளை பி.எம். 2.5 என்கிறார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் இது 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டு விதி. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15 மட்டுமே. ஓர் ஊரில் 22 மணி நேரம் இந்த அளவு 30 ஆக இருக்கிறது, சோகை எரியும் 2 மணி நேரம் மட்டும் 300 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தையும் கூட்டி 24-ஆல் வகுத்தால் 52.5 வரும். மீட்டர் அந்த நாளை ‘திருப்தி’ என்றே எழுதும்.

ஆனால் வீசிங் உள்ளவர் சராசரியைச் சுவாசிப்பதில்லை. அந்த 2 மணி நேரப் புகையைத்தான் சுவாசிக்கிறார். ஆகவே மீட்டரையோ அபராதத்தையோ எதிர்பார்த்து உட்கார முடியாது. பாதுகாப்பை ஊருக்குள், தோட்டத்துக்குத் தோட்டம் நாமே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலத் தீ ஏன் மோசம்?

பகலில் தரை சூடாகி, காற்று மேலே எழும். புகையும் அதோடு மேலே போய்க் கலைந்துவிடும். பனிக்காலத்தில் பொழுது சாய்ந்ததும் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கீழே தங்க, வெதுவெதுப்பான காற்று அதன்மேல் மூடிபோல் நிற்கும். புகை மேலே போக வழியில்லாமல் வீட்டு உயரத்திலேயே படர்ந்து கிடக்கும். சேர்வராயன், கஞ்சமலை, ஜருகுமலை சூழ்ந்த சேலத்துப் பள்ளத்தில் காற்று வீச்சு குறைந்த இரவில் இது இன்னும் மோசமாகும். விடிந்து வெயில் ஏறும் வரை கலையாது. பனியும் புகையும் கலந்த அந்த நேரத்தில்தான் பெரியவர்கள் நடைக்கும் பால் ஊற்றவும் கிளம்புகிறார்கள்.

யார் யாருக்கு அதிக ஆபத்து?

• ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்கள். வீங்கியிருக்கும் மூச்சுக்குழல் புகை பட்டதும் இன்னும் சுருங்கும். விறகடுப்பில் பல வருஷம் சமைத்த பெண்களுக்கு, பீடி தொடாமலேயே இந்த அடைப்பு வரும்.

• இருதய நோயாளிகள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள். நுண்துகளின் பாதிப்பு நுரையீரலோடு நிற்காமல் ரத்தக்குழாய்க்கும் போகும். மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடும்.

• சர்க்கரை நோயாளிகள். இவர்களுக்கு ரத்தக்குழாய் ஏற்கெனவே பழுதுபட்டிருக்கும் என்பதால் புகையின் அடி கூடுதல்.

• கல்குவாரி, கிரஷரில் வேலை பார்த்து நுரையீரலில் கல்தூசி படிந்தவர்கள், காசநோய் வந்து குணமானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள்.

வீட்டில் நோயாளி இருந்தால்

1. புகை வரப்போவது தெரிந்தால் நோயாளியைக் காற்று வரும் திசையில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அன்று இரவு அனுப்பிவிடுவது நல்லது.

2. அனுப்ப முடியாவிட்டால் புகை வரும் பக்கத்துக் கதவு, ஜன்னலைச் சாத்தி, அடிச்சந்தில் ஈரத்துணி வையுங்கள். சாத்திய அறையில் கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி, விறகடுப்பு எதுவும் கூடாது. வெளியே புகை கலைந்ததும் திறந்துவிடுங்கள்.

3. மூக்கில் கட்டும் துண்டு சாம்பலைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. வெளியே போயே ஆக வேண்டும் என்றால் என்-95 முகக்கவசம் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். மூச்சு வாங்கும் நோயாளி அதைப் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை ‘இப்போது நன்றாக இருக்கிறதே’ என்று நிறுத்தக் கூடாது. அது வீக்கத்தைக் குறைத்து வைப்பது. திணறும்போது உடனே அடிப்பது வேறு இன்ஹேலர். இரண்டில் எது எதற்கு என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெட்டு தொடங்கும் முன்பே மருந்து இருப்பைப் பாருங்கள்.

5. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வரும் பணியாளரிடம் வீட்டில் இளைப்பு உள்ளவர் இருப்பதையும் சொல்லுங்கள். சாதாரணச் சந்தேகங்களுக்கு 104-ல் கேட்கலாம்.

6. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறுவது, உதடு நீலம் பூப்பது, நெஞ்சை அழுத்துவது, இன்ஹேலர் அடித்தும் அடங்காதது ஆகியவை ஆபத்து அறிகுறிகள். நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கோழிப்பண்ணை வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எரு அள்ளும்போது அம்மோனியாவும் தூசியும் சேர்ந்து கிளம்பும், தீவனம் அரைக்கும்போது மாவுத்தூசி பறக்கும். வீசிங் உள்ளவரை இந்த இரண்டு வேலைகளுக்கும் அனுப்பாதீர்கள். எருவைக் காய்ந்த நிலையில், வெயில் ஏறிய பிறகு அள்ளினால் நெடி சீக்கிரம் கலையும். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் சக்கையைக் காயவைத்து எரியுங்கள், ஈரச் சக்கை கரும்புகை விடும். டயர், பிளாஸ்டிக், துணிக்கழிவு எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது.

தீ வைப்பவர் தரப்பு

சோகையை யாரும் ஆசைக்கு எரிப்பதில்லை. வெட்டுக்கூலி கொடுத்துக் கை காய்ந்திருக்கும். ஆள் கிடைப்பதில்லை. மறுதாம்புக்குச் சீக்கிரம் தண்ணீர் விட வேண்டும். எலியும் பாம்பும் அடையும் என்ற பயம் வேறு. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ‘எரிக்காதே’ என்று மட்டும் சொன்னால் எடுபடாது.

ஆனால் எரிவது காசுதான். ஒரு ஹெக்டேர் கரும்பில் 10 டன் அளவுக்குக் காய்ந்த சோகை கிடைக்கிறது, ஏக்கருக்கு 4 டன். அதில் தழைச்சத்து 0.35 சதவீதம் என்று வைத்தாலும் 14 கிலோ வரும். இது 30 கிலோ யூரியாவில் இருக்கும் தழைச்சத்து, அதாவது ஒரு மூட்டையில் மூன்றில் இரண்டு பங்கு. தீ வைத்தால் இதில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும்.

சோகையை ஒரு சால் விட்டு ஒரு சாலில் பரப்பினால் ஈரம் காக்கும், களை குறையும். மட்கத் தொடங்கும்போது மண்ணின் தழைச்சத்தைச் சோகை கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அதனால் மறுதாம்புக்குரிய முதல் யூரியாவைத் தள்ளிப்போடாமல் கொடுங்கள். சோகையைத் துகளாக்கும் கருவி வாடகைக்குக் கிடைக்குமா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலும் ஆலையின் கரும்பு அலுவலரிடமும் வெட்டுக்கு முன்பே கேட்டு வையுங்கள். நாலைந்து தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து கேட்டால் வண்டி வர வசதி.

அப்படியும் எரிக்க நேர்ந்தால், நோயாளிக்குச் சேதம் குறைய இவற்றையாவது செய்யலாம்:

• முதல் நாளே அக்கம்பக்கத்துச் சாளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். நோயாளி உள்ள வீட்டுக்கு நேரில் அல்லது போனில் சொல்லுங்கள்.
• வெயில் ஏறிய பிறகு, காற்று வீட்டுப் பக்கம் போகாத நேரத்தில், தண்ணீரும் ஆளும் பக்கத்தில் இருக்கும்போது, சிறு சிறு பகுதியாக மட்டும். பொழுது சாயும் முன் முழுதாக அணைய வேண்டும்.
• ஈரச் சோகை வேண்டாம். பள்ளிக்கூடம், துணை சுகாதார நிலையம், சாலை ஓரத்தில் எரிக்கவே வேண்டாம்.

சட்டமும் கிராம சபையும்

எரிபொருள் அல்லாத பொருளை எரிப்பதால் காற்று கெடும் என்றால், காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் அதைத் தடை செய்ய மாநில அரசுக்கு 1981-ம் ஆண்டு காற்றுச் சட்டம் அதிகாரம் தருகிறது. வடக்கில் அபராதம் வந்தது பிரச்சினை கைமீறிய பிறகு. இங்கே எரிப்பு அந்த அளவில் இல்லை என்பதால், பேசித் தீர்க்க நமக்கு இன்னும் இடம் இருக்கிறது.

வெட்டுக் காலத்துக்குள்ளேயே ஜனவரி 26, மார்ச் 22, மே 1 என மூன்று கிராம சபைகள் வருகின்றன. மூன்று தீர்மானங்கள் போதும். எரிப்பதானால் ஒரு நாள் முன்னதாக வார்டு உறுப்பினருக்குத் தகவல் சொல்வது, பொழுது சாய்ந்த பின் தீ வைக்காதது, சோகை துகளாக்கும் கருவி கேட்டு ஊராட்சி சார்பில் மனுக் கொடுப்பது. இதற்கு அரசாணையும் வேண்டாம், பணமும் வேண்டாம். வீசிங், இருதய நோய் உள்ளவர்கள் எந்தெந்தச் சாளையில் இருக்கிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெட்டு ஆளுக்கு முன்பணம் கொடுக்கும் அன்றைக்கே அந்த வீடுகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.