வடம் பிடித்தவனும் தேரில் ஏறியவனும்

பிறர் வீட்டுக் கல்யாணத்தில் அழைப்பில்லாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவனைப் பற்றி நம்முடைய ஊர்களில் நல்ல அபிப்பிராயம் கிடையாது. பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்று நினைத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்காரன் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த இடைவெளியில் அவன் பாயசம் வரைக்கும் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவான். விஷயம் தெரிந்தால் ஊர் சிரிக்கும். ஆனால், அதே காரியத்தை விடியற்காலையில் அரைக்கால் சட்டையும் 8,000 ரூபாய் ஷூவும் போட்டுக்கொண்டு ஓடியபடியே செய்தால், அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

நான் சொல்வது ஓட்டப் பந்தயங்களைப் பற்றி. பெரிய நகரங்களில் பிறந்த இந்தப் பழக்கம் இப்போது சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. முன்கூட்டியே பணம் கட்டிப் பெயர் பதிந்துகொள்கிறார்கள். ஆளுக்கு ஓர் எண் அட்டை கொடுக்கிறார்கள். அதை மார்பில் குத்திக்கொண்டு ஆணும் பெண்ணுமாக ஓடுகிறார்கள். நல்ல காரியம். உட்கார்ந்தே பெருத்துப்போன நம் ஜாதிக்கு மிகவும் வேண்டிய காரியம். இந்தக் கூட்டத்துக்கு நடுவே பணமும் கட்டாமல், பெயரும் பதியாமல், எண்ணும் இல்லாமல் நுழைந்து ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

சென்ற வருஷம் எங்கள் பக்கத்தில் ஓர் ஓட்டம் நடந்தது. ராஜபாளையத்தின் வடக்கு எல்லையில் புறப்பட்டு, மதுரைச் சாலை வழியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் முடிகிற 10 கிலோமீட்டர் ஓட்டம். நடத்தியவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்லர். மாலை வேளைகளில் கூடிப் பேசுகிற சில நண்பர்கள். கட்டணம் 500 ரூபாய். நான் ஓடுகிற வயசைக் கடந்தவன். ஆகவே மடவார்வளாகத்துக்குச் சற்று இப்பால், தண்ணீர் மேஜையருகே நிற்கிற வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

பெயர் பதிந்தவர்கள் 200 பேர். என் மேஜையில் 300 தம்ளர் தண்ணீர். ஆளுக்கு ஒன்று, தாகம் மிகுந்தவர்களுக்கு இன்னொன்று என்று கணக்குப் பார்த்து வைத்திருந்தார்கள். மேற்கு மலைத் தொடர் இருட்டிலிருந்து மெல்லப் பிரிந்து நீலமாய்த் தெரிகிற நேரத்தில் முதல் ஆள் வந்தான். அப்புறம் நாலைந்து பேர், அப்புறம் கூட்டம். கூட்டத்தில் எண் இல்லாத மார்புகள் பலவற்றைப் பார்த்தேன். முப்பது வரைக்கும் எண்ணினேன். பிறகு எண்ண முடியவில்லை. அவர்களுக்கு என்ன குறை? வாட்ட சாட்டமான இளைஞர்கள். குடிக்க ஒரு தம்ளர், தலையில் கொட்டிக்கொள்ள ஒரு தம்ளர் என்று எடுத்துக்கொண்டு சிரித்தபடியே போனார்கள்.

கடைசியாக ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயசிருக்கும். பள்ளிக்கூட ஆசிரியை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மார்பில் எண் அட்டை நான்கு மூலையிலும் ஊக்குக் குத்தி ஒழுங்காக இருந்தது. வெயில் ஏறிவிட்டது. மேஜையில் காலித் தம்ளர்கள்தான் கிடந்தன.

“தண்ணி தீர்ந்துபோச்சா, அண்ணாச்சி?” என்று கேட்டார்.

நான் எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடைக்கு ஓடி, ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அவர், “பரவாயில்லை, அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ஐம்பதடி தூரம் போய்விட்டார். வயசான காலத்தில் நானும் சிறிது தூரம் ஓடத்தான் வேண்டியிருந்தது.

அன்று மாலை என் அக்காள் மகன் வீட்டுக்கு வந்தான். நல்ல பையன், நல்ல உத்தியோகம், சம்பளத்துக்கும் குறைவில்லை. “மாமா, இன்னிக்கு நானும் ஓடினேன், தெரியுமா? பத்துப் பைசா கட்டல. 500 ரூபாய் மிச்சம்!” என்றான். அவன் கூட்டத்தோடு கூட்டமாய்ப் போனதில் நான் அவனைக் கவனிக்கவில்லை. அவனும் என்னைக் கவனிக்கவில்லை, தண்ணீரைத்தான் கவனித்திருக்கிறான்.

நான் அந்த அம்மாளைப் பற்றிச் சொன்னேன். அவன் அசைந்து கொடுக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நியாயங்களை எடுத்து வைத்தான். படித்தவர்கள் பலரும் இதே நியாயங்களைத்தான் சொல்கிறார்கள் என்பதால், அவற்றை இங்கே வைத்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

“ரோடு யாரு அப்பன் வீட்டுச் சொத்து, மாமா?” என்பது முதல் கேள்வி. சாலை எல்லாருக்கும் பொதுதான். வருஷத்தில் 364 நாள் அதில் ஓடு. யாரும் பணம் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு நாள் மட்டும் அங்கே வந்து ஓட உனக்கு ஆசை ஏன்? அன்று அந்தச் சாலையில் சாலையைத் தவிர வேறு என்னவோ இருக்கிறது. பஞ்சுப் பொதி லாரிகளும் சிமெண்டு லாரிகளும் மறித்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஆம்புலன்ஸ் நிற்கிறது, டாக்டர் நிற்கிறார், தண்ணீர் நிற்கிறது, கை தட்ட ஜனங்கள் நிற்கிறார்கள். கட்டணம் இவற்றுக்குத்தான், தார் ரோட்டுக்கு அல்ல. சாலை இலவசம் என்று சொல்லிக்கொண்டு, சாலையில் இல்லாததையெல்லாம் எடுத்துக்கொள்கிறாய்.

“ஆண்டாள் தேர் இழுக்கிறோமே, டிக்கெட் வாங்கிட்டா இழுக்கிறோம்?” என்பது இரண்டாவது கேள்வி. உண்மையைச் சொன்னால், இந்தக் கேள்வியில் நான் ஒரு நிமிஷம் தடுமாறிப்போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரை அறிந்தவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி அல்ல. அந்த வடத்தை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். மண்டகப்படிக்காரர்கள் செலவு செய்கிறார்கள். தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்கள் வழிப்போக்கனுக்கும் மோர் ஊற்றுகிறார்கள். எவனையும் “நீ யார்?” என்று கேட்பதில்லை. நம்முடைய ஊரின் பெருமையே அதுதான்.

ஆனால், யோசித்துப் பாருங்கள். வடம் பிடிக்கிறவன் தன் தோளைக் கொடுக்கிறான். அத்தனை பெரிய தேர் அவனைப் போன்ற ஆயிரம் பேரின் தோள்களால்தான் நகர்கிறது. அவன் வராவிட்டால் தேர் நிலையிலேயே நிற்கும். கட்டணம் கட்டாமல் ஓடுகிறவன் எதைக் கொடுக்கிறான்? அவன் வராவிட்டால் எது நின்றுபோகும்? என் மேஜையில் தண்ணீர்தான் நிற்கும்! மருமகனே, நீ வடம் பிடிக்கவில்லை. பிறர் வடம் பிடித்து இழுக்க, நீ தேரில் ஏறிக்கொண்டாய். தண்ணீர்ப் பந்தலை இதோடு சேர்த்துப் பேசாதே. பந்தல் வைத்தவன் எல்லாருக்கும் கொடுப்பது என்று தானே தீர்மானித்துக் கொடுக்கிறான். என் மேஜையில் இருந்தது ஆள் எண்ணி, அளந்து, அந்த ஆசிரியையின் பணத்தில் வாங்கிய தண்ணீர். அவரைக் கேட்காமலே அவரைத் தர்மப்பிரபு ஆக்கிவிட்டாய்.

“நான் ஒருத்தன் ஓடினதுல என்ன குறைஞ்சுபோச்சு?” என்பது மூன்றாவது. குளம் நிறையப் பால் ஊற்றச் சொன்ன ராஜாவின் கதையை நாம் எல்லோரும் பாட்டியிடம் கேட்டிருக்கிறோம். அவரவரும், ‘நான் ஒருத்தன் தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது?’ என்று நினைத்தார்கள். விடிந்து பார்த்தால் குளம் முழுவதும் தண்ணீர். கதையை விட்டாலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவரைப் போய்க் கேளுங்கள். பாலில் ஒரு செம்பு தண்ணீர் கலந்திருந்தால் ஊற்றியவன் மறந்திருப்பான், வாணலி மறக்காது.

ஒரு தம்ளர் கூடத் தொடாமல் ஓடினால் சரியா என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் சரியில்லை. எண் அட்டையில் இருப்பது வெறும் எண் அல்ல. யாராவது மயங்கி விழுந்தால் அந்த எண்ணைக் கொண்டு அவர் யார், வீட்டில் யாருக்குச் சொல்லவேண்டும் என்று பதிவேட்டில் பார்த்துவிடலாம். எண் இல்லாதவன் விழுந்தால்? டாக்டர் ‘பணம் கட்டினாயா?’ என்று கேட்கப்போவதில்லை, கேட்கவும் கூடாது. வைத்தியம் செய்வார். அவர் அப்படிச் செய்வார் என்று தெரிந்துதான் இவனும் ஓடுகிறான். பிறருடைய நல்ல குணத்தை முதலாக வைத்து நடத்துகிற வியாபாரம் இது.

இனி, நான்காவது நியாயத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் கனமானது. “கட்டணம் அநியாயம், ஓட்டம் நடத்துறவங்க வியாபாரம் பண்றாங்க” என்கிறார்கள். சில இடங்களில் இது உண்மையாகவே இருக்கலாம். பெரிய நகரங்களில் விளம்பரக் கம்பெனிகள் பேரில் நடக்கிற ஓட்டங்களில் கேட்கிற தொகை, ஒரு மில் தொழிலாளியின் வீட்டில் பல நாள் அரிசிச் செலவு. எங்கள் ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். இங்கே சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து பழகிய வீடுகளில் நன்றாக ஓடக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் 500 ரூபாய் கேட்டால் அது கட்டணம் அல்ல, பூட்டிய கதவு. ஓட்டம் நடத்துகிறவர்கள் வரவு செலவைப் பகிரங்கமாக வெளியிடவேண்டும்; கட்ட முடியாதவர்களுக்கென்று இடங்களை ஒதுக்கி வைக்கவேண்டும். இதைச் செய்யாதவர்கள் கட்டணம் கட்டாதவனைத் திருடன் என்று திட்ட யோக்கியதை இல்லாதவர்கள்.

சரி, அநியாயத்தை எதிர்ப்பதென்றால் எப்படி எதிர்ப்பது? உப்புக்கு வரி கொடுக்க மாட்டேன் என்று காந்தியடிகள் தீர்மானித்தபோது, 1930 மார்ச் 2-ஆம் தேதி வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதித் தாம் செய்யப்போவதை முன்கூட்டியே தெரிவித்தார். பிறகுதான் நடந்தார். இரவோடிரவாகக் கடற்கரைக்குப் போய் ஒரு பிடி உப்பை மடியில் கட்டிக்கொண்டு வந்து, ‘இத்தனை காசு மிச்சம்’ என்று அவர் சந்தோஷப்படவில்லை. 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா, தம்முடைய வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ஊர் எங்கள் ஊர். மறுப்பதற்கும் ஒளிப்பதற்கும் உள்ள பேதம் எங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஓட்டத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாரதான் ஓட்டம் 1897-ல் தொடங்கியது. ராபர்ட்டா கிப் என்ற பெண் 1966-ல் அதில் ஓட அனுமதி கேட்டு எழுதினாள். பெண்ணின் உடம்பு அவ்வளவு தூரம் தாங்காது என்று பதில் வந்தது. ஏப்ரல் 19-ஆம் தேதி அவள் புறப்படும் இடத்துக்கு அருகில் புதருக்குள் மறைந்திருந்து, எண் இல்லாமல் ஆண்களோடு சேர்ந்து ஓடினாள். ஆரம்பத்தில் தலையை மூடும் சட்டை ஒன்று போட்டிருந்தாள். உடன் ஓடிய ஆண்கள், ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று தைரியம் சொன்னதும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு எல்லாரும் பார்க்க ஓடினாள். மூன்று மணி இருபத்தோரு நிமிஷத்தில் 42 கிலோமீட்டரையும் முடித்தாள். 1972-ல் அந்த ஓட்டம் பெண்களுக்குத் திறந்தது. 1996-ல் அவளுடைய மூன்று வருஷத்து வெற்றிகளையும் ஒப்புக்கொண்டு பதக்கம் கொடுத்தார்கள்.

அவளும் எண் இல்லாமல்தான் ஓடினாள், இவனும் எண் இல்லாமல்தான் ஓடுகிறான் என்று இருவரையும் ஒரே தட்டில் வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அவள் வாசலில் வந்து கேட்டாள், கதவைச் சாத்தினார்கள். இவனுக்குக் கதவு திறந்தே இருந்தது. இவன் கொல்லைப்புறமாக வந்தான். அவள் தன்னைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பதற்காக ஓடினாள். இவன் கணக்கில் அகப்படக்கூடாது என்பதற்காக ஓடுகிறான். அதே பாஸ்டனில், கூட்டத்தின் வாலில் எண் இல்லாமல் ஓடுகிறவர்களை வெகு காலம் கண்டும் காணாமல் விட்டுவந்தார்கள். 2013-ல் ஓட்டத்தில் குண்டு வெடித்தபின், 2014-ல் அதற்குக் கண்டிப்பான தடை வந்தது. அந்த வருஷம், பணம் கட்டி ஓடிய ஒரு பெண் தன் எண்ணுக்குரிய புகைப்படங்களைத் தேடிப் பார்த்தபோது, அதே எண்ணைப் போலியாக மாட்டிக்கொண்டு வேறு நாலு பேர் ஓடியிருந்ததைக் கண்டாள். கண்டுகொள்ளாமல் விட்ட சலுகை எங்கே போய் முடிகிறது, பாருங்கள்.

இவ்வளவும் எழுதுகிற நான் உத்தமன் என்று நீங்கள் நினைத்துவிட வேண்டாம். பத்து வயசில் டூரிங் டாக்கீஸின் கீற்றுத் தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்தவன்தான் நான். தரை டிக்கெட்டுக்குக் கூட என் சட்டைப் பையில் காசு இல்லை. முதல் பாதி முழுவதும் திரையைப் பார்த்ததைவிட டிக்கெட் கிழிப்பவரின் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்ததுதான் அதிகம். அந்தப் பயமே எனக்குக் கட்டணமாயிற்று. இல்லாதவன் செய்கிற இந்தத் தப்பை மன்னிக்க என் மனசில் இடம் இருக்கிறது. 8,000 ரூபாய் ஷூவைப் பேரம் பேசாமல் வாங்குகிறவன், மனுஷர்கள் உழைத்து நடத்துகிற காரியத்துக்கு மட்டும் 500 ரூபாய் கொடுக்க மாட்டேன் என்கிறானே, அதற்குத்தான் இடமில்லை. கடைக்காரனிடம் இல்லாத தைரியம் நண்பர்களிடம் வந்துவிடுகிறது.

மருமகன் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. “நீங்க கதை எழுதுறவர், மாமா. ஒரு தம்ளர் தண்ணியைக் கம்மாயாக்கிடுவீங்க” என்று சொல்லிவிட்டு, அவன் அத்தை கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

போகட்டும். அடுத்த ஓட்டத்திலும் அந்த மேஜையருகே நான் நிற்பேன். எண் இல்லாதவன் வந்தால் அவனுக்கும் தண்ணீர் கொடுப்பேன். தாகம் என்று வந்தவனுக்கு இல்லை என்று சொல்கிற பக்கம் இது அல்ல. ஆனால் இந்த முறை தம்ளரை மேஜையில் வைத்திருக்க மாட்டேன். என் கையால் எடுத்து, அவன் முகத்தைப் பார்த்துக் கொடுப்பேன். அவனும் என் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும். கடைசியாக வருகிறவருக்கென்று ஒரு குடத்தை மேஜைக்கடியில் தனியாக எடுத்து வைத்திருப்பேன்.