நீல மையும் கடுகளவு ஹார்டு டிஸ்க்கும்

இந்தப் பதிவை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி எழுத வைத்துவிட்டார்.

வாபியில் நம்மாட்கள் பத்துப் பதினைந்து குடும்பம் மாதம் ஒருமுறை கூடுவோம். இட்லி, சாம்பார், கொஞ்சம் ஊர்க்கதை. இந்த முறை அண்ணாச்சி தன் போனை நீட்டினார். ஒற்றை மூலக்கூறே காந்தமாம், அதில் தகவல் பதியலாமாம், இனி கடுகளவு ஹார்டு டிஸ்க்கில் உலகத்துப் படமெல்லாம் அடங்கிவிடுமாம். படித்துக் காட்டிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஏ தம்பி, கெமிஸ்ட்ரியில எல்லாத்தையும் கண்டுபிடிச்சு முடிச்சாச்சு போலிருக்கே. இனி உம்ம பொண்ணு போயி என்னத்தக் கண்டுபிடிக்கப் போறா? பேசாம கம்ப்யூட்டர்ல சேத்து விடும்வே."

என் மகள் பன்னிரண்டாவது. ஐசரில் சேர்ந்து வேதியியல் படிக்க வேண்டும் என்கிறாள். தங்கமணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் கல்யாணமான எல்லோருக்கும் தெரியும் :-)

அங்கே பதில் சொல்ல வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நான் வேலை பார்ப்பது நீல நிறமி தயாரிக்கும் ஆலையில். தாலிக் அன்ஹைட்ரைடு, யூரியா, குப்ரஸ் குளோரைடு, துளி மாலிப்டேட் போட்டு சூடேற்றினால் வருவது காப்பர் தாலோசயனின். பிளாஸ்டிக் வாளியின் நீலம், பெயின்ட்டின் நீலம், செய்தித்தாள் கலர்ப் படத்தின் நீலம் பெரும்பாலும் இதுதான். நான்கு இதழ்க் கோலம் மாதிரித் தட்டையான மூலக்கூறு, நடுப்புள்ளியில் ஒரு செம்பு அணு. அந்தச் செம்பில் ஜோடி சேராத எலெக்ட்ரான் ஒன்று இருப்பதால் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குட்டிக் காந்தம்தான். நாங்கள் அதை மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றுகிறோம். காந்த மூலக்கூறு என்பதே அதிசயம் என்றால் எங்கள் குடோன் முழுக்க அதிசயம்!

ஆக, காந்தமாக இருப்பது பெரிய விஷயம் இல்லை. வடக்கு என்று எழுதினால் நாளைக்கும் வடக்கு என்று சொல்ல வேண்டும். அந்த ஞாபகம்தான் விஷயம். 1993-ல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் ராபர்ட்டா செஸ்ஸோலி, தாந்தே கத்தேஸ்கி குழு இதைக் காட்டியது. 12 மாங்கனீசு அணுக்கள் கொண்ட மூலக்கூறு, 2 கெல்வினில், அதாவது மைனஸ் 271 டிகிரியில், தன் காந்தத் திசையை மாதக்கணக்கில் மறக்காமல் வைத்திருந்தது. இந்தத் துறைக்கே அதுதான் பிள்ளையார் சுழி.

அண்ணாச்சியின் போனில் வந்த செய்தி சொல்லாமல் விட்ட கதை இதற்குப் பிறகுதான் வருகிறது.

அந்த ஞாபகம் படிகத்தில், பொடியில் அளந்தது. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒன்றாக அடைந்து கிடக்கும் நிலை. ஹார்டு டிஸ்க் வேண்டும் என்றால் மூலக்கூறுகளை ஒரு தரையில் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும், ஒவ்வொன்றையும் தனியாகத் தொட்டுப் படிக்க வேண்டும். சரி என்று மாங்கனீசு மூலக்கூறைத் தங்கத்தின் மேல் பரப்பினார்கள். ஞாபகம் போயே போச்சு. மாங்கனீசு அணுக்களின் மின்நிலையே மாறி, மூலக்கூறு குலைந்துவிட்டது.

பதினாறு வருஷம் கழித்து, 2009-ல், அதே ஃப்ளாரன்ஸ்காரர்கள் நான்கு இரும்பு அணு கொண்ட வேறொரு மூலக்கூறை எடுத்தார்கள். அதற்குக் கந்தகம் முடிந்த ஒரு வால் கட்டி, அந்த வாலால் தங்கத்தைப் பிடிக்க வைத்தார்கள். ஞாபகம் தப்பியது. எந்த வெப்பத்தில்? ஒரு கெல்வினுக்கும் கீழே.

இன்னொரு உதாரணம், எங்கள் நீலத்தின் பங்காளி. செம்புக்குப் பதில் கோபால்ட் வைத்த தாலோசயனின். தங்கத்தில் உட்கார்ந்ததும் இதன் காந்தம் அணைந்துவிடும். 2005-ல் சீனாவின் ஹெஃபெய் விஞ்ஞானிகள், ஒற்றை மூலக்கூறைத் தொடும் நுண்ணிய ஊசியால் அதன் ஓரத்து ஹைட்ரஜன் அணுக்கள் எட்டையும் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். மூலக்கூறு உட்காரும் விதம் மாறியது, காந்தம் திரும்பி வந்தது.

இதற்கு நேர் எதிர் கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. கொல்கத்தா ஐசரில் ஸ்வாதின் மண்டல் குழு செய்த துத்தநாக மூலக்கூறு. தனியாக இருக்கும்போது அதற்குக் காந்தமே கிடையாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கார்த்திக் ராமன், ஜகதீஷ் மூதேரா உள்ளிட்டோர் அதைக் கோபால்ட் படலத்தின் மேல் வைத்தார்கள். தரையைத் தொட்ட அடுக்கு கோபால்ட்டோடு கலந்து காந்தமாகிவிட்டது. அறை வெப்பத்தை நெருங்கிய நிலையிலும் சமிக்ஞை கிடைத்தது. 2013-ல் நேச்சர் இதழில் வந்தது. அப்போதும் பத்திரிகைகள் ஆயிரம் மடங்கு கொள்ளளவு என்றுதான் கொட்டடித்தன. அந்த டிஸ்க்கை எந்தக் கடையிலாவது பார்த்தீர்களா?

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பாதி காந்தம் மூலக்கூறில் இருக்கிறது, மீதிப் பாதி அது உட்காரும் தரையில் இருக்கிறது. தலைப்புச் செய்திகள் முதல் பாதியை மட்டும் எண்ணிக் கணக்கை முடித்துவிடுகின்றன.

அண்ணாச்சியின் செய்தி 2025-ல் வந்த ஆய்வைப் பற்றியது. மான்செஸ்டரும் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த டிஸ்ப்ரோசியம் மூலக்கூறு. 100 கெல்வின், அதாவது மைனஸ் 173 டிகிரி வரை காந்த ஞாபகம் தெரிந்தது. 2018-ல் வந்த முந்தைய சாதனை 80 கெல்வின். நான் இதைக் குறைத்துப் பேசவில்லை. திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். அதைத் தாண்டியது நிஜமான சாதனை, கை தட்டுகிறேன். ஆனால் அதுவும் தரையில் பரப்பி அளந்தது இல்லை. இந்த ரக மூலக்கூறுகளைக் காற்றில் திறந்து வைத்தாலே கெட்டுவிடும். 'அடுத்தது ஹார்டு டிஸ்க்' என்று எழுதுவது, நெல் நாற்று விட்ட அன்றே பந்திக்கு இலை போடுவது மாதிரி.

காற்றில் கெடாத மூலக்கூறு செய்ய யாரும் முயலவில்லையா? செய்தார்கள். இங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரம்கூட ஆகாத மும்பை ஐஐடியில், முருகவேலும் கோபாலன் ராஜாராமனும் சேர்ந்த குழு 2016-ல் காற்றைத் தாங்கும் டிஸ்ப்ரோசியம் காந்த மூலக்கூறை வெளியிட்டது. ஞாபக வெப்பம் குறைவுதான். ஆனால் தரைக்குக் கொண்டு போக நினைப்பவனுக்கு எது முக்கியம், சொல்லுங்கள். அதே 2016-ல், வெள்ளியின் மேல் மெக்னீசியம் ஆக்சைடு மெல்லிய படலம் விரித்து, அதன் மேல் டெர்பியம் தாலோசயனினை வைத்தபோது அதன் ஞாபகம் நன்றாகத் தாக்குப் பிடித்தது. வெறும் உலோகத்தின் மேல் வைத்தால் அதே மூலக்கூறு தடுமாறும். மாறியது ஒரு பாய் மட்டும்தான்! இதையெல்லாம் யாரும் அண்ணாச்சிக்கு ஃபார்வர்டு செய்வதில்லை.

'மிகைப்படுத்தினால் என்ன, பிள்ளைகளுக்கு ஆர்வம் வருமே, ஆராய்ச்சிக்குப் பணம் வருமே' என்று நண்பர் ஒருவர் கேட்டார். வரும், இரண்டு வருஷத்துக்கு. பிறகு 'எங்கேய்யா அந்த டிஸ்க்?' என்பார்கள். இல்லை என்றதும் 'விஞ்ஞானிகள் எல்லாம் ஜல்லியடிக்கிறார்கள்' என்பார்கள். முடிந்துவிட்டது என்பதும் ஒன்றுமே இல்லை என்பதும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுமே அந்த வேலை நடக்கும் இடத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நடுவில் மாட்டிக்கொள்வது நம் வீட்டில் பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை.

ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த நாம் பிள்ளைகளுக்குச் சம்பளம் உறுதியான படிப்பைத் தேடுவதில் தப்பில்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. கம்ப்யூட்டர் படிப்பில் வேலை சுலபமாகக் கிடைக்கும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். வேதியியலில் வேலை பாக்கி இல்லை என்று சொன்னதுதான் பொறுக்கவில்லை. படிகத்தில் காட்டிய ஞாபகத்தைத் தரையில், சாதாரண வெப்பத்தில், காற்றில் நிலைக்க வைக்க இன்னும் யாராலும் முடியவில்லை. பாக்கி இருப்பதுதான் அதிகம், அண்ணாச்சி. அதில் ஒரு பங்கை என் மகள் செய்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த கூட்டத்தில் இதை நேரிலேயே சொல்வதாக இருக்கிறேன். தங்கமணி இன்னும் முழு சம்மதம் சொல்லவில்லை. ஆனால் ஐசர் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று நேற்று அவரே கேட்டார்.

டிஸ்கி: அண்ணாச்சி மனசு தங்கம். தங்கத்தின் மேல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன் :-)