பொருளடக்கத்தைக் கணக்கேடே எழுதட்டும்

 

மஹல்லாவின் உதவித்தொகைக் கணக்கு, மதரஸாவின் மதிப்பெண் பதிவேடு, இல்லத்தின் மாத வரவு செலவு ஆகியவை இன்று பல ஊர்களில் தடித்த நோட்டிலிருந்து கணினிக்கு இடம் மாறிவிட்டன. எக்ஸெல் மென்பொருளில் ஒரே கோப்புக்குள் பல தாள்களை வைத்துக்கொள்ளலாம். திரையின் அடிப்பகுதியில் அவற்றின் பெயர்கள் வரிசையாக நிற்கும். 1993-ஆம் ஆண்டு வெளிவந்த எக்ஸெல் 5 பதிப்பில் வந்த ஏற்பாடு இது. தெருவுக்கு ஒரு தாள், வகுப்புக்கு ஒரு தாள், மாதத்துக்கு ஒரு தாள் என்று பிரித்து எழுத மிகவும் வசதியானது.

தாள்கள் ஐந்தாறு இருக்கும்வரை தொல்லை இல்லை. இருபது முப்பது ஆகிவிட்டால் பாதிப் பெயர்கள் திரைக்கு அப்பால் மறைந்துவிடும். ஆகவே பொறுப்புள்ள கணக்காளர், முதல் தாளுக்குப் 'பொருளடக்கம்' என்று பெயரிட்டு, மற்றத் தாள்களின் பெயர்களை அதில் தம் கையாலேயே தட்டச்சு செய்து வைக்கிறார். எண்ணம் நல்லது. ஆயினும் ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு மஹல்லாவில் 22 தெருக்கள், 22 தாள்கள். பொருளடக்கத்தில் உள்ள பெயர்களைக் கொண்டே மொத்தத் தொகையும் கூட்டப்படுகிறது. ஊரின் எல்லையில் புதிய குடியிருப்பு ஒன்று உருவாகிறது. அதற்கென 23-ஆவது தாள் சேர்க்கப்படுகிறது. பொருளடக்கத்தில் அதன் பெயரைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். கூட்டுத்தொகை வருகிறது, பிழை என்று கணினி எதையும் காட்டுவதில்லை. 22 தாள்களைப் பொறுத்தவரை அந்தக் கூட்டல் சரிதானே! ஆனால் பெருநாளைக்கு முன் உதவி வழங்கப்படும்போது, 23-ஆவது தாளில் பெயருள்ள விதவையின் வீட்டுக்கு மட்டும் எவரும் போகமாட்டார்கள். கணக்கு தப்பவில்லை, ஆள் தப்பிவிட்டார். இதைவிடப் பெரிய பிழை ஏது?

எனவே, பொருளடக்கத்தை நம் ஞாபகத்தைக் கொண்டு எழுதாமல், கோப்பைக் கொண்டே எழுதச் செய்ய வேண்டும்.

பட்டியல் பெறும் வழி

விண்டோஸ் கணினியில் எக்ஸெல் 2016 முதலான பதிப்புகளில் இதற்கான வசதி உள்ளது. முதலில் கோப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள். 'டேட்டா' பட்டியில் 'கெட் டேட்டா', 'ஃப்ரம் ஃபைல்', 'ஃப்ரம் எக்ஸெல் ஒர்க்புக்' என்று வரிசையாகத் தேர்ந்து, அதே கோப்பைக் காட்டுங்கள். (பழைய பதிப்புகளில் 'ஃப்ரம் ஒர்க்புக்' என்றிருக்கும்.) திறக்கும் சாளரத்தில் தாள் எதையும் தொடாமல், மேலே உள்ள கோப்பின் பெயர் மீது வலப்புறப் பொத்தானை அழுத்தி, 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' என்பதைத் தேருங்கள்.

இப்போது ஓர் அட்டவணை தோன்றும். 'நேம்' என்னும் பத்தியில் பெயர்கள் இருக்கும். 'கைண்ட்' என்னும் பத்தியில் 'ஷீட்' என்றுள்ள வரிகளை மட்டும் வடிகட்டி நிறுத்துங்கள். பொருளடக்கத் தாளின் பெயரும் பட்டியலில் வரும். 'டஸ் நாட் ஈக்வல்' என்னும் வடிகட்டியால் அதை மட்டும் விலக்குங்கள். பிறகு 'குளோஸ் அண்ட் லோட் டு' என்பதைத் தேர்ந்து, பட்டியலைப் பொருளடக்கத் தாளிலேயே இறக்குங்கள்.

'ஹிட்டன்' என்னும் பத்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள். எவரேனும் மறைத்து வைத்த தாள் இருந்தால் அதையும் இப்பத்தி காட்டிக்கொடுக்கும். திரையின் அடியில் இடக்கோடியிலுள்ள அம்புக்குறிகள் மீது வலப்புறப் பொத்தானை அழுத்தினாலும் ஒரு பட்டியல் வரும். அதில் மறைந்த தாள்கள் வாரா. பொதுப்பணத்தின் கணக்கில் இந்த வேறுபாடு சிறியதன்று.

கவனிக்க வேண்டியவை

இப்பட்டியல் சேமிக்கப்பட்ட கோப்பையே படிக்கிறது. புதிய தாள் சேர்த்தால், முதலில் சேமித்து, பின்னர் பட்டியலின் மீது வலப்புறப் பொத்தானை அழுத்தி 'ரிஃப்ரெஷ்' செய்ய வேண்டும். கோப்பைத் திறக்கும்போதே புதுப்பித்துக்கொள்ளுமாறும் அதன் 'ப்ராப்பர்டீஸ்' பகுதியில் அமைத்துவிடலாம். கோப்பை வேறு இடத்துக்கு மாற்றினால், அதன் முகவரியையும் மாற்றித் தர வேண்டும்.

ஒவ்வொரு தாளிலும் மொத்தத் தொகையை ஒரே கட்டத்தில் வையுங்கள். அப்போது 'இண்டிரெக்ட்' என்னும் வாய்பாடு, பட்டியலிலுள்ள பெயரைக் கொண்டு அந்தத் தாளின் தொகையைப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தும். 'ஹைப்பர்லிங்க்' வாய்பாட்டைச் சேர்த்தால், பெயரைத் தொட்டவுடன் அந்தத் தாளுக்கே போய்விடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காவல் வையுங்கள். 'ஷீட்ஸ்' என்னும் வாய்பாடு, கோப்பில் எத்தனை தாள்கள் உள்ளன என்று மறைந்தவற்றையும் சேர்த்து எண்ணிச் சொல்லும். பட்டியலிலுள்ள பெயர்களின் எண்ணிக்கையோடு பொருளடக்கத் தாளுக்கு ஒன்றைக் கூட்டினால் அதே எண் வர வேண்டும். வராவிட்டால், யாரோ ஒருவர் விடுபட்டிருக்கிறார் என்று பொருள். பணப் பெட்டியைத் திறக்குமுன் இந்த இரண்டு எண்களையும் பாருங்கள்.

பெயரிடும்போது இன்னொன்றும் நினைவிருக்கட்டும். தாளின் பெயர் 31 எழுத்துக்குறிகளைத் தாண்டக் கூடாது. சாய்கோடும் முக்காற்புள்ளியும் சதுர அடைப்புக்குறியும் அதில் இடம்பெற மாட்டா. '3/2025' என்று மாதத்தைக் குறிக்க முடியாது; '2025-03' என்று எழுதினால் ஏற்கும்.

பழைய 'மேக்ரோ 4' கட்டளை ஒன்றைக் கொண்டு பட்டியல் பெறும் முறையைச் சிலர் இன்றும் கற்பிக்கிறார்கள். அவ்வகைக் கட்டளைகள் தீய நிரல்களுக்கு வழியாயின என்பதால், 2022-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவற்றை இயல்பாகவே முடக்கி வைத்தது. ஆகவே அதைப் புதிதாகக் கைக்கொள்ள வேண்டாம்.

பொருளாளர்கள் மாறுவார்கள், கணக்கேடு தொடரும். இன்று நம் நினைவில் இருப்பது நாளை பொறுப்பேற்பவருக்குத் தெரியாது. எத்தனை தாள்கள், எவை எவை என்பதைக் கணக்கேடே சொல்லுமாறு செய்து ஒப்படைப்பதும் அமானிதத்தைப் பேணுவதன் ஒரு பகுதியே அல்லவா? இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். இம்மாதமே செய்துவிடுங்கள்.