அறை வெப்பநிலை

கவிதையை மொழிபெயர்ப்பதில் இழப்பது எது என்று ஓயாமல் விவாதிக்கும் நாம், சமையற்குறிப்பு மொழிபெயர்ப்பைப் பொருட்படுத்துவதே இல்லை. ஆனால் மூலத்தின் தட்பவெப்பம் சொற்களுக்குள் இவ்வளவு ஆழமாக ஒளிந்திருக்கும் உரைநடை வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

பிரெஞ்சுக்காரர்களின் 'லாங் து ஷா'வை எடுத்துக்கொள்வோம். பூனை நாக்கு என்று பொருள். நீண்டு மெலிந்து, விளிம்பு மட்டும் சிவந்து, நடுப்பகுதி வெளிறி, பல் பட்டதும் நொறுங்கும் வெண்ணெய் பிஸ்கட். வெண்ணெய், பொடித்த சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, மைதா நான்கும் சம எடை. 100 கிராம் வீதம் என்றால் மூன்று முட்டைகள் போதும். நம் குறிப்புகளில் இந்தச் சம எடை 'தலா ஒரு கப்' ஆகிவிடுகிறது. ஒரு கப் மைதா ஏறத்தாழ 125 கிராம். அதே கப்பில் வெண்ணெய் 225 கிராம். விளைவு, தட்டெங்கும் எண்ணெய்க் குளம்.

அதைவிடப் பெரிய சிக்கல், 'வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கவேண்டும்' என்னும் வரி. சொல்லுக்குச் சொல் பிழையில்லாத தமிழ். ஆனால் அதை எழுதியவரின் அறை 20 பாகைக்கு மேற்படாதது. சித்திரை மாதத்துச் சென்னை அறையில் 34 பாகை. வெண்ணெய் முற்றாக உருகுவதற்கு அவ்வளவே போதும். உருகியது காற்றைப் பிடித்துக்கொள்ளாது. மாவு தட்டில் கட்டுப்பாடின்றிப் பரவும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழவேண்டும், பளபளப்புத் தோன்றக்கூடாது என்று எழுதியிருந்தால் எந்த ஊருக்கும் பொருந்தியிருக்கும். ('அவனைச் சூடாக்கவும்' என்று படிக்கையில் எவனை என்று கேட்கத் தோன்றுவது தனித் துயரம்.)

மாவை விரல் நீளக் கோடுகளாக, நல்ல இடைவெளிவிட்டுப் பிழியவேண்டும். 180 பாகையில் எட்டு முதல் பத்து நிமிடம். வெளியே எடுக்கும்போது துவண்டுதான் இருக்கும். வேகவில்லை என்றெண்ணி மீண்டும் உள்ளே தள்ளுவோர் கருக்கிவிடுவார்கள். உருகிய சர்க்கரை ஆறி இறுகும்போதே மொறுமொறுப்பு வருகிறது.

இந்த பிஸ்கட்டைச் சரியாக மொழிபெயர்த்தவர்கள் இந்தோனேசியர்கள். டச்சுக்காரர் வழியாக வந்த பூனை நாக்கு அங்கே 'லிடா குச்சிங்' ஆயிற்று. பெயரின் பொருளில் அணுவளவும் மாற்றமில்லை. செய்முறையையும் வழக்கத்தையும்தான் தம் மண்ணுக்கேற்ப மாற்றினார்கள். நோன்புப் பெருநாள் நாட்களில் இறுக மூடிய கண்ணாடிச் சாடிகளில் வைத்து விருந்தினருக்குத் தருகிறார்கள். ஆண்டவர்களின் பலகாரம் ஆளப்பட்டவர்களின் பண்டிகைக்குள் குடியேறிவிட்டது. வெண்ணெயோடு மார்கரீன் கலக்கும் பழக்கம் அங்கே பரவலாக உண்டு. வெப்பத்தைத் தாங்கும், விலையும் குறைவு. காரணம் புரிகிறது, எனக்கு உடன்பாடில்லை. உடற்சூட்டுக்குக் கீழேயே உருகுவதால்தான் வெண்ணெய் நாவில் கரைகிறது. அதைவிட மெதுவாக உருகும் கொழுப்பு அண்ணத்தில் படிந்து நிற்கும். கடையில் வாங்கும் 'பட்டர்' பிஸ்கட் உறையின் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் பாமாயில் முன்னால் நிற்கும், பெயர் கொடுத்த வெண்ணெய் எங்கோ பின்னால் இருக்கும். வீட்டில் செய்வதற்கு இது ஒன்றே போதுமான நியாயம்.

முட்டை உண்ணாதோர் வெள்ளைக்கருவுக்குப் பதிலாகத் தயிர், வாழைப்பழம் என்று தேடி அலையவேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் ஷார்ட்பிரெட்டில் முட்டையே கிடையாது: சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மாவு மூன்று. மெல்லியதாகத் தேய்த்துச் சுட்டால் அதுவும் நன்றாகவே நொறுங்கும்.

'நமுத்துப்போதல்' என்ற அருமையான சொல் நம்மிடம் இருந்தும், தமிழ்க் குறிப்புகள் 'காற்றுப்புகாத டப்பாவில் சேமிக்கவும்' என்று முடித்துக்கொள்கின்றன. கடலோர ஊரின் ஐப்பசி மழையில் பூனை நாக்கு திறந்த தட்டில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. நமுத்தவற்றை மிதமான சூட்டில் ஐந்து நிமிடம் வைத்தெடுத்து ஆறவிடுங்கள், மீண்டும் நொறுங்கும்.