மருந்துக்குக்கூட நம்பத்தகாதவர்களா நாம்?

என் சித்தி மகன் சாகும்போது அவனுக்கு 24 வயது. வியாசர்பாடியில் எங்கள் எதிர்வீடு. சென்ட்ரிங் வேலை. பலகை தூக்கித் தூக்கித் தோள்பட்டை போனபோது, கூட வேலை செய்தவன் கொடுத்த வலி மாத்திரையில் தொடங்கியது. டாபென்டடால். ஒரே வருடத்தில் அதைக் கரைத்து ஊசியில் ஏற்றும் நிலைக்கு வந்துவிட்டான்.

முதலில் ஓர் இலவச மையத்துக்குத்தான் போனான். புப்ரெநார்பின் கொடுத்தார்கள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. உடல் முறுக்கும் வலியும் ஏக்கமும் அடங்கின. சாப்பிட்டான், தூங்கினான், ஊசியைத் தொடவில்லை. ஆனால் தினமும் நேரில் போய், ஊழியர் கண்முன் கரைத்துவிட்டு வரவேண்டும். மையம் திறப்பதற்குள் கூலிக்கு ஆள் எடுக்கும் முனை காலியாகிவிடும். மூன்று வாரத்தில் பாதி நாள் கூலி போனது. நான்காவது வாரம் மாத்திரையை விட்டுவிட்டு வேலைக்குப் போனான். வேறென்ன செய்வான்?

பிறகு சித்தி தாலியை அடகு வைத்து ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தார். அங்கே மருந்தே கிடையாது. மனவுறுதிதான் மருந்தாம். அது வராத நாள்களில் பிளாஸ்டிக் பைப். 45 நாள் கழித்துத் தெளிந்த முகத்தோடு வந்தான். நாங்கள் பிரியாணி செய்து கொண்டாடினோம். பதினோராம் நாள் பழைய அளவையே ஏற்றிக்கொண்டான். அதைத் தாங்கும் பழக்கம் உடம்பைவிட்டுப் போயிருந்தது. மூச்சு நின்றது.

இதை விதி என்று சொல்லாதீர்கள். மருந்தில்லாமல் நிறுத்தியவர் மீண்டும் எடுக்கும்போது சாவு பக்கத்தில் நிற்கும் என்பது மருத்துவத்துக்கு நன்றாகத் தெரியும். புப்ரெநார்பினையும் மெத்தடோனையும் உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பஞ்சாப் அரசு 2017 அக்டோபரில் இதற்கென்றே வெளிநோயாளி மையங்களைத் திறந்தது. ஆக, மருந்து இருக்கிறது. அது யாருக்கு எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் வர்க்கமும் சாதியும் உட்கார்ந்திருக்கின்றன.

காசுள்ள வீட்டுப் பையன் தனியார் மருத்துவமனையிலிருந்து மாத்திரை அட்டையோடு வீட்டுக்கு வருகிறான். சேரிப் பையனுக்குக் கொடுத்தால் 'வித்துடுவான்' என்கிறார்கள். விற்பவன் இருக்கிறான், மறுக்கவில்லை. ஆனால் அதை வாங்குகிறவன் பல நேரம் மையத்தில் சேர வழியில்லாத இன்னொரு நோயாளிதான். ஊசியில் ஏற்றுவதைத் தடுப்பதற்கென்றே நலோக்சோன் கலந்த மாத்திரையும் இருக்கிறது. 2020 ஊரடங்கில் பல நாள்களுக்கான மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது?

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. சிறிய அளவு வைத்திருந்து பிடிபட்ட, போதைக்கு அடிமையான ஒருவர் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். எங்கள் தெருவுக்கு அதைச் சொல்லித்தர ஒரு வக்கீலும் வந்ததில்லை. பையன்களின் சட்டைக் கையை மடக்கி நரம்பைப் பார்க்கும் காவலர் மட்டும் தவறாமல் வருகிறார்.

அரசை மட்டும் திட்டி முடிக்க எனக்கு மனமில்லை. போன மாதம் நம் கூட்டத்திலேயே ஒரு மூத்த தோழர், "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா? நம் இளைஞர்களுக்குத் தேவை ஒழுக்கம்" என்றார். கைதட்டினார்கள். அந்தத் தோழர் இருபது வருடமாகச் சர்க்கரை மாத்திரை போடுகிறார். அவரை யாரும் மாத்திரைக்கு அடிமை என்று சொன்னதில்லை. உழைத்து நொந்த உடம்பின் நோயை ஒழுக்கக்கேடு என்று சொல்ல நாம் யாரிடம் கற்றுக்கொண்டோம்? நம் சேரியைப் பார்த்துக் காலம்காலமாக அதையே சொல்லிவருகிறவர்களிடம்தானே?

தோழரே, மேடையில் பேச வேண்டியது வேறு. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மாத்திரை கிடைக்க வேண்டும். வேலை முடிந்து வருகிறவனுக்காக மாலை 6 மணிக்கு மேலும் மையம் திறந்திருக்க வேண்டும். உடல்நிலை சீரானவனுக்கு ஒரு வார மாத்திரையை வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். மூச்சடைப்பவனை மீட்கும் நலோக்சோன் ஊசி ஒவ்வொரு தெருவிலும் யாரிடமாவது இருக்க வேண்டும். அன்று இரவு அது எங்களிடம் இல்லை.