கட் பண்ணாதீங்க, கொப்பி பண்ணுங்க

நேற்று ஆசிரியர் ஓய்வறையில் ஒரு நண்பர் சொன்னார்: "வீட்டுக்கு நாஸ் ஒண்டு வாங்கின சேர், சரியான ஸ்லோ. வித்துப் போட்டு வேற வாங்கப் போறன்."

ரவுட்டரோடு இணைத்து வைக்கும் அந்த ஹாட் டிஸ்க் பெட்டி இப்போது ஊரில் சில வீடுகளில் இருக்கிறது. வைத்திருக்கும் எல்லோரும் சொல்லும் குறை இதுதான். பெட்டியை விற்காதீர்கள். முதலில் கேபிளைப் போடுங்கள்.

நண்பர் கொப்பி பண்ணியது கட்டிலில் இருந்துகொண்டு, வைஃபையில். ரவுட்டர் ஹோலில். இடையில் இரண்டு சுவர். 200 ஜீபி வீடியோ வினாடிக்கு 5 எம்பி வேகத்தில் போனால் 11 மணித்தியாலம் எடுக்கும். கிகாபிட் கேபிளில் வினாடிக்கு 110 எம்பி வரை போகும், அரை மணித்தியாலத்தில் வேலை முடியும். கேபிள் போட்டும் 11 எம்பிக்கு மேல் ஏறவில்லையா? ரவுட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் ஆக இருக்கலாம் (டொக்டர் பட்டம் அல்ல, வேகம்). அல்லது கேபிளுக்குள் ஒரு கம்பி அறுந்திருக்கலாம். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். நான்கு இருந்தாலே 100இல் ஓடிவிடும், அதனால் பழுது நம் கண்ணுக்குப் படாது.

"டேட்டா முடிஞ்சிடுமே" என்றும் கேட்டார். முடியாது. வீட்டுக்குள்ளேயே நடக்கும் போக்குவரத்து இது, இன்டர்நெட் பக்கமே போவதில்லை.

ஆனால் வேகத்தை விட எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

2004 டிசம்பர் 26இல் நான் தரம் 9. கல்முனைக் கரையில் எங்கள் வீட்டோடு அல்மாரியும் போனது, அல்மாரியோடு ஆல்பங்களும் போயின. உம்மா வாப்பாவின் கலியாணப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கரையோரத்தில் இருந்த எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். அதனால் பிறகு எடுத்த எல்லாவற்றையும் ஒரு இடத்தில் சேர்க்க வேண்டும் என்று நானும் பெட்டி வாங்கினேன்.

வாங்கிய முதல் வாரம், லெப்டொப்பில் இடமில்லை என்று எல்லாவற்றையும் 'கட்' பண்ணிப் பெட்டிக்குள் போட்டேன். இரவு ஒரு மணிக்குக் கரண்ட் போனது. லெப்டொப்புக்குப் பெட்டரி இருந்தது, பெட்டிக்கு இல்லை. பெட்டி ஃபைலை வாங்கியதும் கொஞ்ச நேரம் தன் மெமரியில் வைத்திருந்து, பிறகுதான் டிஸ்க்கில் எழுதும். 'வந்து சேர்ந்தது' என்ற சொல்லை நம்பி லெப்டொப் தன்னிடமிருந்ததை அழித்துவிட்டது. கடைசியாகப் போன வீடியோ இரண்டு பக்கமும் இல்லை.

தங்கச்சியின் கலியாணத்தில் எடுத்தது அது. வாப்பா பந்தலுக்கு லைட் கட்டும் பொடியன்களோடு சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். அவர் மௌத்தாகி ஒரு வருடத்துக்குப் பிறகு என் கையாலேயே அந்தக் குரலைத் தொலைத்தேன். உம்மாவிடம் சொல்ல மூன்று நாள் எடுத்தது.

ஆகவே கொப்பி மட்டும் பண்ணுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் அளவும் ஒன்றா என்று பாருங்கள், சில வீடியோவைப் பெட்டியிலிருந்தே ஓட விட்டுப் பாருங்கள். பிறகு அழிக்கலாம். பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்று இருந்தால் நல்லது. ஆயிரக்கணக்கான வட்ஸ்அப் படங்கள் ஒரு பெரிய வீடியோவை விட மெதுவாகத்தான் போகும். பதறி நடுவில் நிறுத்த வேண்டாம்.

"உள்ளே இரண்டு டிஸ்க் இருக்கே, ஒண்டு போனா மற்றது இருக்கும்" என்று கடைக்காரர் சொல்வார். டிஸ்க் பழுதானால் அது சரி. கள்ளன் வந்தாலோ, தண்ணீர் வந்தாலோ இரண்டும் ஒன்றாகத்தான் போகும். எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. என் இன்னொரு கொப்பி, கடலிலிருந்து தள்ளி இருக்கும் மாமி வீட்டு அல்மாரியில், சாதாரண ஹாட் டிஸ்க் ஒன்றில் இருக்கிறது. ஒவ்வொரு பாடசாலை விடுமுறைக்கும் எடுத்து வந்து புதியதைச் சேர்ப்பேன்.

என்னிடம் நல்ல 10 மீட்டர் கேபிள் ஒன்று இருக்கிறது. தேவையானவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், இரவல் தருகிறேன். போன தடவை கொண்டுபோனவர் இன்னும் தரவில்லை, அவரும் இதை வாசிப்பார் என்று நினைக்கிறேன்.